மேல்தளத்து மாப்பிள்ளை

பஞ்சாட்சரம் கடற்படையில் சேர்ந்தபோது மயிலாப்பூரில் அவருக்கு இருந்த ஒரே சொத்து, ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியர் என்ற பெயர். மூன்று வருஷத்தில் கோர்ட்டில் எழுந்து நின்று அவர் பேசிய வாக்கியங்கள் மொத்தம் இரண்டு. இரண்டும் வாய்தா கேட்டவை. அப்புறம் யுத்தம் வந்தது. அரிசிக்கு ரேஷன் வந்தது, ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் வந்தது, எம்.ஏ.யில் இரண்டாம் வகுப்பு வாங்கியவர்களுக்குக் கடல் வந்தது. பம்பாயில் நான்கு மாதம் பயிற்சி கொடுத்து, தோளில் ஒரு தங்கப் பட்டையை வைத்து, சப்-லெப்டினன்ட் ஆக்கிச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பட்டை நேராக இருக்காது. அலையலையாக வளைந்திருக்கும். யுத்தத்துக்காகக் கரையிலிருந்து பிடித்து வந்தவர்களுக்கு வளைந்த பட்டை. இளம் வயதிலிருந்தே கடற்படையில் வளர்ந்தவர்களுக்கு நேர்ப் பட்டை. சரக்குக் கப்பல்களில் உழைத்துவிட்டு வந்தவர்களுக்குக் கயிறு முறுக்கியது போன்ற பின்னல் பட்டை. ஒரே படை, மூன்று ஜாதி. மற்ற இருவருக்கும் குலம் போதாது என்பது நேர்ப் பட்டையின் அபிப்பிராயம். மற்ற இருவருக்கும் கடல் தெரியாது என்பது பின்னல் பட்டையின் அபிப்பிராயம். மற்ற இருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பது வளைந்த பட்டையின் அபிப்பிராயம். மூவரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான்: கீழே இஞ்சின் அறையில் இருக்கிறவர்கள் பெயருக்குத்தான் அதிகாரிகள்.

இந்த ஏற்பாடு பஞ்சாட்சரத்துக்கு உடனே பிடித்துப்போயிற்று. மயிலாப்பூர்க்காரருக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

அவருக்குக் கிடைத்த கப்பல், கடலில் எதிரி போட்ட கண்ணிவெடிகளை வாரியெடுக்கும் சின்னக் கப்பல். சமாதான காலத்தில் இந்த ஜாதிக் கப்பல்கள் மீன் பிடிக்கும். அதைப் பஞ்சாட்சரம் யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி ரத்னாவுடன் தியாகராய நகருக்கு, பனகல் பார்க்குக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த மாமனார் வீட்டுக்குப் போகும்போது அந்தக் கப்பல் வாராவாரம் பத்தடி நீண்டது. மாமனார் சுப்புராயன் ரிட்டயரான சப்-ரிஜிஸ்திரார். ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த பிரம்பு நாற்காலியை மூத்த மாப்பிள்ளைக்கு ஒதுக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு கேட்பார்.

"ஏன் மாப்பிளே, கப்பலை ஓட்டறது நீங்களா, அந்தக் காப்டனா?"

"காப்டன்தான் மாமா. ஆனா அவரும் மனுஷன்தானே. அவர் தூங்கறப்போ நான்தான்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அப்போது மாமியார் கதவோரமாக வந்து நின்று வாயில் கை வைத்துக்கொள்வாள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் பஞ்சாட்சரம் வாரம் ஆறு நாள் வாந்தி எடுத்துக்கொண்டு கடலில் கிடந்தார்.

வார்ட்ரூம் என்று சொல்லப்படும் அதிகாரிகள் சாப்பாட்டு அறையின் விதிகளையும் அவர் அந்த வீட்டில் பரப்பிவந்தார். சாப்பிடும்போது வேலையைப் பற்றிப் பேசக் கூடாது. மேஜையில் பெண்களின் பெயரை உச்சரிக்கவே கூடாது. "அது ஒரு பெரிய நாகரிகம், அத்தை" என்றார். முப்பத்திரண்டு வருஷமாகப் புருஷன் பெயரை உச்சரிக்காமல் குடித்தனம் நடத்திய மாமியார், "இதைச் சொல்லிக் குடுக்கவா பம்பாய்க்கு அனுப்பினாங்க?" என்று கேட்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த 'தனியாத்தான்' மட்டும் பொய்.

கப்பலின் மேல்மாடத்தில், பிரிட்ஜில், ஒரு இளம் அதிகாரி தனியாக நிற்க வேண்டுமானால், 'இவரை நம்பிக் கப்பலை ஒப்படைக்கலாம்' என்று காப்டன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குக் காவல் சர்டிபிகேட் என்று பெயர். சுமாரான பையன்களுக்கு நாலு மாதத்தில் கிடைத்துவிடும். பஞ்சாட்சரத்துக்குப் பத்து மாதமாகியும் வரவில்லை. அவர் பிரிட்ஜில் நின்ற நேரமெல்லாம் காப்டன் ஹபீபுர் ரஹ்மான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

ஹபீபுர் ரஹ்மான் ராயப்பேட்டைக்காரர். பின்னல் பட்டை. ரங்கூன் சரக்குக் கப்பல்களில் பதினாறு வருஷம். கோபித்துக்கொள்ள மாட்டார், புகழவும் மாட்டார். ஒரே ஒரு தரம், "மிஸ்டர் பஞ்சாட்சரம், உங்க ஷூ நல்லா பளபளன்னு கீது" என்றார். அதைப் பஞ்சாட்சரம் இரண்டு வாரம் மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் 1944 ஆவணியில் ரத்னாவின் தங்கை முத்துலட்சுமிக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை தனபாலன். ஈக்காட்டுத்தாங்கலில் தகரக் கொட்டகை போட்டு லாரிகளுக்கு இஞ்சின் பழுது பார்க்கிறவன். நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு. கல்யாணப் பந்தலில் அவன் பஞ்சாட்சரத்தின் காலில் விழுந்து, "ஆசீர்வாதம் பண்ணுங்கண்ணே" என்றான். பஞ்சாட்சரம் மனசாரப் பண்ணினார். இப்படி ஒரு சகலை அமைவது அதிர்ஷ்டம். பக்கத்தில் நிறுத்தினால் நமக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடும்.

தனபாலன் கல்யாணத்துக்கு முன்பே கடற்படைக்கு மனுப் போட்டிருந்த செய்தி யாருக்கும் தெரியாது. இஞ்சின் தெரிந்தவன் கிடைத்தால் போதுமென்று அவர்கள் அலைந்துகொண்டிருந்த காலம். ஆறே வாரத்தில் அவனும் சப்-லெப்டினன்ட் ஆகிவிட்டான். பஞ்சாட்சரத்தின் கப்பலில் இருந்த இஞ்சினீயர் மலேரியாவில் படுத்துவிட, இவனைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தார்கள்.

தலைதீபாவளிக்குத் தனபாலன் வெள்ளை உடுப்போடு தியாகராய நகர் வந்து இறங்கினான். மின்விசிறிக்குக் கீழே இருந்த பிரம்பு நாற்காலியில் அவனை உட்காரவைத்தார்கள். தலைதீபாவளி மாப்பிள்ளை, அது முறைதான். பஞ்சாட்சரத்துக்கு ஜன்னலோர நாற்காலி. அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். மாமியார்தான் இரண்டு தோள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"சின்ன மாப்பிள்ளைக்குத் தங்கத்தோட ஊதாக் கலரும் கூட இருக்கே. உங்களுக்கு வெறும் தங்கம்தானா?"

"அத்தை, அந்த ஊதா, இஞ்சின் அறைக்காரங்கன்னு அடையாளம் காட்டறதுக்கு வைக்கிறது."

"கூடுதலாத்தானே வைக்கிறாங்க?"

"கூடுதல் இல்லை அத்தை. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. காப்டன் நாளைக்கே கடல்ல விழுந்துட்டார்னு வைங்க. கப்பல் யார் கைக்கு வரும்? என் கைக்கு. ஊதாப் பட்டைக்காரர் எத்தனை வருஷம் சர்வீஸ் போட்டிருந்தாலும் கப்பலுக்கு உத்தரவு போட முடியாது. அதுதான் சட்டம்."

மாமியார் யோசித்தாள். "அவர் ஏன் விழணும், பாவம். பிள்ளைக்குட்டிக்காரர்."

தனபாலன் வாய் நிறைய அதிரசத்தோடு, "அண்ணன் சொல்றது வாஸ்தவம் அத்தை. நாங்க கீழ இருக்கிறவங்க. மணி அடிச்சா ஓட்டுவோம்" என்றான். அவன் ஒப்புக்கொண்டதுதான் பஞ்சாட்சரத்தைக் குத்தியது. மறுத்திருந்தால் வாதாடியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இந்த ஆள் அதே கப்பலில் இருக்கிறான். 'தனியாத்தான்' பொய் என்று அவனுக்குத் தெரியும். அன்று அவன் வாயைத் திறந்தபோதெல்லாம் பஞ்சாட்சரத்தின் கையிலிருந்த காபி டம்ளர் அசையாமல் நின்றது. அவன் திறந்ததெல்லாம் அதிரசத்துக்குத்தான்.

கப்பலில் விஷயம் இன்னும் மோசம்.

வார்ட்ரூமில் நாலு பேருக்கு ஒரு மேஜை. முதல் நாள் தனபாலன் நீல மேலுடுப்போடு, மண்ணெண்ணெயும் பார் சோப்பும் போட்டுக் கழுவிய கையோடு வந்து உட்கார்ந்தான். பஞ்சாட்சரம் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தார்.

"மிஸ்டர் தனபாலன், இங்கே வேலை உடுப்போடு வர்ற வழக்கமில்லை."

"அப்படிங்களா அண்ணே. தெரியாம வந்துட்டேன். மாத்திக்கிட்டு வர்றதுக்குள்ள அங்க ஸ்டீம் இறங்கிடும். நான் கீழயே சாப்பிட்டுக்கிறேன்."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அன்றிலிருந்து இஞ்சின் அறையில் கரி தள்ளும் ஆட்களோடுதான் அவன் சாப்பாடு. அவர்கள் அவனை 'நைனா' என்று கூப்பிட்டார்கள். மேல்தளத்து ஆட்கள் பஞ்சாட்சரத்தை 'சார்' என்று கூப்பிட்டார்கள், விறைப்பாக, குதிகால் சத்தத்தோடு. நியாயமாக இதில் பஞ்சாட்சரத்துக்குத்தான் திருப்தி உண்டாக வேண்டும். அப்படியிருக்க, அந்த நைனாவை அவர் ஏன் எண்ணிக்கொண்டிருந்தார் என்று அவருக்கே விளங்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பதுக்குக் குறையாமல் வந்தது.

அப்புறம் அந்த டீ. இஞ்சின் அறையில் அன்வர் பாஷா என்று ஒரு தலைமை ஆள், தேனாம்பேட்டைக்காரன். கொதிநீர்க் குழாயின் மேல் கெட்டிலை வைத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு ஒரு டீ போடுவான். காலையில் ஆறு மணிக்கும், துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன்பும், திரும்பி நுழையும் முன்பும் ஹபீபுர் ரஹ்மான் இரும்பு ஏணியில் இறங்கிப் போய் அந்த டீயைக் குடித்துவிட்டு வருவார். கப்பலுக்குக் காப்டன், எனாமல் குவளையில், கரிப்புழுதியில் உட்கார்ந்துகொண்டு! பம்பாயில் கொடுத்த புத்தகத்தில் இதற்கு இடமே கிடையாது. காற்று வாங்கும் குழாய் வழியாகக் கீழேயிருந்து சத்தம் மேலே வரும். வார்த்தை புரியாது. சிரிப்பு மட்டும் புரியும்.

பஞ்சாட்சரம் மேலே, வெள்ளைத் துணி விரித்த மேஜையில் தனியாக உட்கார்ந்து, ஆறிப்போன டீயைப் பீங்கான் கோப்பையில் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டார். நேற்று மூன்று குவளை. இன்று இதற்குள் இரண்டு. இத்தனை மாதத்தில் நம்மோடு உட்கார்ந்து இந்த மனுஷர் எத்தனை குடித்தார்? அவ்வளவு நேரம் என்ன பேசுவார்கள்? வேறு யாரைப் பற்றிப் பேசப்போகிறார்கள்?

காப்டன் அவரையும் இரண்டு தரம் கூப்பிட்டார்.

"வாங்க மிஸ்டர் பஞ்சாட்சரம். கீழே போய் ஒரு டீ போட்டுக்கினு வரலாம்."

"தாங்க்ஸ் சார். நான் வார்ட்ரூமிலேயே குடித்துக்கொள்கிறேன்" என்று எழுத்துத் தமிழில் பதில் சொன்னார் பஞ்சாட்சரம். கோபம் வந்தால் அவருக்கு இலக்கணம் வந்துவிடும்.

இரண்டாவது மாதமே தனபாலனுக்கு இஞ்சின் அறைச் சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. அதை அவன் சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்தான். அன்வர் பாஷா அதில் ஒரு நாள் பீடித் தூளைக் கொட்டிவிட்டதாகக்கூடக் கேள்வி.

மார்கழி பிறந்து ஒரு வாரம். கண்ணிவெடி தேடிவிட்டுக் கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. ஹபீபுர் ரஹ்மான் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்:

"நாளைக்குக் காலைல நீங்களே உள்ள கொண்டாந்து கட்டுங்க. நான் சும்மா நிப்பேன். ஒழுங்கா கட்டினீங்கன்னா கையெழுத்து போட்டுத் தந்துடறேன். எனக்கும் வயசாவுது, எத்தினி நாள் உங்க பின்னாலயே நிக்கிறது."

பஞ்சாட்சரத்துக்கு உலகம் திடீரென்று நல்ல இடமாகத் தெரிந்தது. சர்டிபிகேட் கைக்கு வந்துவிட்டால் பொய் நிஜமாகிவிடும். பொங்கலுக்கு மாமனார் "தனியாவா?" என்று கேட்கும்போது தனபாலனின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லலாம்.

ஒரு வாரமாக அவர் ஒன்றைக் கவனித்துவைத்திருந்தார். கரையை நெருங்கும்போது கப்பலை நிறுத்த, இஞ்சினைப் பின்னோக்கிச் சுழலவிட வேண்டும். பிரிட்ஜில் டெலிகிராப் என்று ஒரு பித்தளை வட்டம் இருக்கும். அதன் கைப்பிடியைத் திருப்பினால் கீழே மணி அடித்து உத்தரவு போய்ச் சேரும். காப்டன் இந்த வாரம் முழுவதும் அந்த மணியை வழக்கத்தைவிட மிகவும் முன்கூட்டியே அடித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் போட்டிருந்த தூரத்தைவிட ஒன்றரைப் பங்கு முன்னால். பின்னல் பட்டைக்காரர்களின் கிழட்டுப் பயம் என்று பஞ்சாட்சரம் முடிவு கட்டினார். நாம் புத்தகப்படி, கடைசி நொடியில் அடித்து, கட்டுமேடையைத் தொடாமல் தொட்டு நிறுத்திக் காட்டவேண்டும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் காப்டன் ஏணிப்பக்கம் போனார். "வர்றீங்களா? உள்ள போறதுக்கு முந்தி ஒரு தபா போய்ட்டு வந்துடலாம்."

இன்றைக்குமா? நம்முடைய நாளிலுமா அவனோடு டீ? "நான் மேலேயே இருக்கிறேன் சார். பொறுப்பு இருக்கிறது."

ஹபீபுர் ரஹ்மான் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி" என்று இறங்கிப் போனார். வழக்கம்போலச் சிரிப்புச் சத்தம் வந்தது. பஞ்சாட்சரம் பைனாகுலரைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஏழரை மணிக்குத் துறைமுக வாயில். காப்டன் பின்னால் வந்து நின்றுகொண்டார். பிரிட்ஜுக்கும் இஞ்சின் அறைக்கும் நடுவே இருந்த பேச்சுக் குழாயில் விசில் கேட்டது. பஞ்சாட்சரம் மூடியைத் திறந்தார்.

"அண்ணே, தனபாலன் பேசறேன். இன்னிக்கு நீங்கதானாமே. ஒரு சின்ன விஷயம்—"

வாழ்த்துச் சொல்ல வந்துவிட்டான். சர்டிபிகேட் வாங்கியவன் வாங்காதவனுக்கு. பஞ்சாட்சரத்தின் காது சிவந்தது.

"மிஸ்டர் தனபாலன், கப்பலில் அண்ணன் தம்பி கிடையாது. பிரிட்ஜிலிருந்து கேட்டால் மட்டும் பதில் சொல்லவேண்டும்."

மூடியைப் போட்டுத் திருகினார்.

கப்பல் அழகாகத்தான் வந்தது. தளத்தில் கயிறோடு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மரத்தாலான கட்டுமேடை வளர்ந்துகொண்டே வந்தது. காப்டன் மணியடித்திருக்கக்கூடிய இடம் தாண்டிப் போயிற்று. பின்னால் வெற்றிலை மெல்லும் சத்தம் நின்றது. புத்தகத்தில் போட்டிருந்த இடம் வந்ததும் பஞ்சாட்சரம் கைப்பிடியைக் கம்பீரமாக இழுத்து, 'பின்னோக்கி, முழு வேகம்' என்ற இடத்தில் வைத்தார். கீழே மணி அடித்தது. பதில் மணியும் உடனே வந்தது. கப்பல் நிற்கவில்லை. முன்னைப்போலவே, நிதானமாக, வீட்டுக்குப் போகும் மாடு மாதிரி போய்க்கொண்டிருந்தது. பஞ்சாட்சரம் இன்னொரு தரம் அடித்தார். "லெப்ட்ல ஒடி" என்று காப்டன் சக்கரம் பிடிப்பவனை நோக்கிப் பாய்ந்தார். மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எட்டாவது எண்ணிக்கை. எட்டில் இடித்தது. பத்தில் கப்பல் மிகுந்த ஒழுக்கத்தோடு பின்னால் போக ஆரம்பித்தது.

உயிர்ச்சேதம் இல்லை. கட்டுமேடையில் இரண்டு மரம் பிளந்தது. கப்பலின் மூக்கு ஓர் அடி நசுங்கியது. சமையலறையில் பருப்பு அண்டா கவிழ்ந்து, அன்று நாற்பது பேருக்கு வெறும் ரொட்டி.

கயிறு கட்டி முடித்ததும் அன்வர் பாஷா கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தான்.

"இன்னா சார், பத்து எண்ணலியா?"

"என்ன பத்து?"

"ரிவர்ஸ் ஒரு வாரமா சண்டித்தனம் பண்ணிக்கினு கீது சார். மணி அடிச்சா பத்து எண்ணினப்பறம்தான் திரும்பும். டாக்குல ஏத்தினாத்தான் சரியாவும், அதுவரைக்கும் முன்னாடியே அடிச்சுக்கலாம்னு காப்டன் சொன்னாரே. டெய்லி டீ குடிக்க வரசொல்லோ எப்பிடி கீதுன்னு கேட்டுக்கினுதான் போவாரு. இன்னிக்கி காலைலகூட எட்டா பத்தான்னு நைனாவோட பந்தயம் கட்டிச் சிரிச்சிக்கினு இருந்தாரு." அவனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியாதா? சமையக்காரனுக்கே தெரியுமே சார்."

ஹபீபுர் ரஹ்மான் திட்டவில்லை. "என்னா நடந்துச்சுன்னு நீங்களே எழுதிக் குடுங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை மயிலாப்பூர் வீட்டில் பஞ்சாட்சரம் எழுத உட்கார்ந்தார். ரத்னா பார்த்தாள். மூன்று மாதமாக இடுங்கிக் கிடந்த அந்த முகத்தில் ஒரு தெளிவு. மூன்று வருஷ ஜூனியர் வக்கீல் தொழிலில் அவருக்குக் கிடைக்காத கேஸ் கடைசியில் கிடைத்துவிட்டது.

"என்னங்க எழுதறீங்க, சாப்பிடாம?"

"உண்மையை."

உண்மைதான். மூன்று முழுத் தாள். மேற்படி இஞ்சினின் மேற்படி குறை ஒரு வாரமாக இருந்துவந்தும், மேற்படி இஞ்சினீயர் அதை எழுத்து மூலமாகப் பிரிட்ஜ் அதிகாரிக்குத் தெரிவிக்கவில்லை என்றும், தெரிவித்திருந்தால் விபத்து நேர்ந்திராது என்றும், இது கடமையில் தவறியதாகும் என்றும், தகுந்த நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றும் எழுதினார். பேச்சுக் குழாயில் கேட்ட விசில் அந்த மூன்று தாளில் எங்கும் இல்லை. தனபாலன் திரும்பவும் ஈக்காட்டுத்தாங்கல் தகரக் கொட்டகைக்குள் நுழைவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. 'நடவடிக்கை' என்பதன் கீழே ஒரு கோடு போட்டார்.

காப்டன் மூன்று தாளையும் முழுக்கப் படித்தார். இரண்டு வெற்றிலை நேரம் ஆயிற்று.

"நல்லா எழுதிக்கிறீங்க. ஒரே ஒரு கேள்வி. நீங்க கேட்டீங்களா?"

"கேட்பது என் வேலை இல்லை சார். சொல்வது அவர் வேலை."

"குழாயில கூப்டாரே."

பஞ்சாட்சரம் மூன்று தாள்களின் ஓரத்தையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தார்.

"இஞ்சின்காரன் மேல வரமாட்டான் மிஸ்டர் பஞ்சாட்சரம். எண்ணெய்க் காலோட வந்தா தளம் அழுக்காவுதுன்னு நீங்களே தொரத்துவீங்க. அதனால நாமதான் கீழ போவணும். போய் சும்மா உக்காந்து எப்பிடிப்பா கீதுன்னு கேட்டா அவன் பாஷா மாமியார்லேருந்து ஆரம்பிச்சு கொதிகலன் வரைக்கும் சொல்லுவான். பதினாறு வருஷமா எனக்குத் தெரிஞ்ச சட்டம் அதான். நான் மூணு தபா உங்களைக் கூப்டேன். வர்லேன்னீங்க, சரி, தனியா போய்க் கேட்டுக்கிறீங்க போலன்னு நெனச்சேன். அது என் தப்பு, அதையும் எழுதிடறேன்."

மூன்றாவது தாளின் அடியில் எழுதினார். பஞ்சாட்சரம் தலைகீழாகவே படித்தார். 'இந்தக் குறை கப்பலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கப்பலை ஓட்டிய அதிகாரிக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்பதை நான் கவனித்திருக்கவேண்டும்.'

சர்டிபிகேட் வரவில்லை. பதினைந்து நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. அடையாற்றுப் பக்கம் ஒரு பங்களாவில், கடற்படைக்கு வாங்கிய கம்பளிகளில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் உத்தியோகம்.

பொங்கலன்று தியாகராய நகர். பஞ்சாட்சரம் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். கரையில் ஒரு பெரிய பொறுப்புக்குத் தகுந்த ஆள் இல்லாமல் தவித்தார்கள், அதனால் இவரை வற்புறுத்திக் கேட்டுக்கொண்டார்கள். சொல்லும்போது தனபாலனின் உதட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். அது ஒரு ஓரத்தில் கொஞ்சம் அசைந்தாலும் போதும், எழுந்து போய்விடுவதாக முடிவு.

"நல்லதாப் போச்சு மாப்பிளே" என்றார் சுப்புராயன். "தினம் வீட்டுச் சாப்பாடு."

"அண்ணன் இல்லாம கப்பல் வெறிச்சுனு இருக்கு மாமா" என்றான் தனபாலன். "வார்ட்ரூம்ல இப்ப மேஜைத்துணிகூட விரிக்கிறதில்லை."

இதில் குத்தல் எங்கே இருக்கிறது என்று பஞ்சாட்சரம் தேடினார். மேஜைத்துணியிலா? வெறிச்சிலா? கரும்பைக் கடித்துக்கொண்டிருந்த அந்த முகத்தில் கரும்பைத் தவிர வேறொன்றும் இல்லை. மாமியார் இரண்டு பேர் இலையிலும் ஒரே அளவு நெய் விட்டாள். 'இனி காப்டன் தூங்கும்போது யார் தனியாக நிற்பார்கள்?' என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்கும் பஞ்சாட்சரம் ஒரு பதில் வைத்திருந்தார்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ரத்னாவிடம் சொன்னார்:

"கவனிச்சியா, யாரும் ஒண்ணும் கேட்கலை. ஒரு வருஷமா வாரம் தவறாம கேட்டவங்க. ஆள் கரைக்கு வந்ததும் மதிப்புப் போச்சு."

ரத்னா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தவள் போல இருந்தது.

"நீங்க தனியா நின்னதில்லேன்னு அவங்களுக்குத் தீபாவளியிலிருந்தே தெரியுங்க."

பஞ்சாட்சரம் ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் வந்தது. ஏறவில்லை.

"அவன் சொன்னானா?"

"அவர் ஒண்ணும் சொல்லலை. நீங்க பட்டாசு வெடிக்கப் போனப்போ அப்பாதான் கேட்டார். மூத்தவர் மேல தனியா நிக்கிறப்போ கீழ இருக்கிற உங்களுக்குப் பயமா இருக்காதான்னு. அவருக்குப் பொய் சொல்ல வரலை. முழிச்சார். அப்பா சப்-ரிஜிஸ்திராரா இருந்தவர், முழிக்கிறவங்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பார்."

"அப்புறம் எதுக்கு அதுக்கடுத்த வாரமும், அதுக்கடுத்த வாரமும் என்னைக் கேட்டாங்க?"

"சின்ன மாப்பிள்ளைதான் சொன்னாராம், முத்துலட்சுமி சொன்னா. அதைச் சொல்றப்போ அண்ணன் முகம் எப்படி மலருது பாருங்க, கேட்டுக்கிட்டே இருங்கன்னு. இப்ப கப்பல் இல்லை. அதனால கேட்க வேண்டாம்னும் அவர்தான் சொன்னார்."

அடுத்த பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். நாலைந்து நிறுத்தம் கழித்துப் பஞ்சாட்சரம் கேட்டார்:

"சிரிச்சுக்கிட்டே சொன்னானா?"

"இல்லைங்க."

"கொஞ்சம்கூட?"

"இல்லை. பாவம்னு தோணின மாதிரி சொன்னாராம்."

பஸ் தேனாம்பேட்டை தாண்டியது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனான். பஞ்சாட்சரம் மனைவி பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"முத்துலட்சுமிகிட்ட நல்லா விசாரிச்சியா? ஓரத்துலயாவது சிரிச்சிருப்பானே?"